சிவகிரி வேலாயுதம் என்னும் எதிரணி

சிவகிரி வேலாயுதம் என்று ஒருவர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவரை உருவாக்கியவள் நான். அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் என் சொல். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு தகப்பன் தன் ஒரே மகளைப் பார்க்காமலே கடல் தாண்ட அனுப்பினார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் நாங்கள் இப்படிச் செய்வதில்லை. சுற்றி வளைப்போம். ஒரு குட்டிக் கதை சொல்வோம். முதல் கைதட்டல் விழுந்த பிறகே கருத்தைக் கையில் எடுப்போம். அந்த வித்தையை இங்கும் காட்டினால் இந்த வாக்குமூலமும் இன்னொரு சொற்பொழிவாகிவிடும். அந்த அச்சம் எனக்கு இருக்கிறது... இந்த வரியிலும் இருக்கிறது!

பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்னை இசக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறரைக் காப்பதற்காக மாற்றினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என்னைக் காப்பதற்காகவே மாற்றினேன்.

தென்காசியில் முதுகலை படிக்கிறேன். பள்ளி நாள்களிலிருந்து பட்டிமன்றம், வழக்காடு மன்றம், சொற்போர் என்று மாவட்டம் முழுக்கப் பேசியிருக்கிறேன். பரிசுக் கோப்பைகளை வைக்க வீட்டில் இடமில்லை. அவற்றில் ஒன்றில்தான் அம்மா அரிசி அளக்கிறாள். சீட்டுக் குலுக்கி எந்த அணி வந்தாலும் அந்த அணிக்காகப் பேசுவேன், வெல்வேன். இன்று மதுவிலக்கு வேண்டும் என்றும் நாளை வேண்டாம் என்றும் பேசி, இரண்டு கோப்பையும் கொண்டுவந்திருக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. பெருமை இருந்தது. நீங்கள் நம்பாத ஒன்றை எதிரில் இருப்பவர் நம்பும்படி பேசிப் பாருங்கள்... அந்த மயக்கம் அப்போது புரியும்.

சாரல் வாசகர் வட்டத்தைத் தொடங்கியவர் ஜமீலா அக்கா. கடையநல்லூர்க்காரர், ஒரு கல்லூரியில் நூலகர். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் முடங்கியவர்களைக் கைப்பேசிக் குழு ஒன்றில் சேர்த்து, மாதம் ஒரு புத்தகம் படிக்க வைத்து, ஞாயிறு மாலைகளில் காணொளியில் கூட்டிப் பேச வைத்தார். ஊரடங்கு விலகியது. கூட்டமும் விலகியது. பிறகு அந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் காலை வணக்கப் பூக்களும் மட்டுமே வந்துகொண்டிருந்தன. புத்தகம் என்ற சொல்லே இல்லாத வாசகர் வட்டம்!

ஒருநாள் நூலகத்தில் அக்கா என்னைப் பிடித்தார்.

"ஏட்டி இசக்கி, வட்டம் செத்துக் கெடக்கு. மேடையில அந்தக் கத்து கத்துதியே, இங்கன வந்து கொஞ்சம் கத்தேன்."

"எத்தன பேரு இருக்காவ அக்கா?"

"பேருக்கு நாப்பது. படிக்கதுக்கு நானும் என் கண்ணாடியும்."

ஏற்றுக்கொண்டேன். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு புதிய முறையும் வகுத்தேன். மாதந்தோறும் இரண்டு புத்தகங்கள் முன்மொழியப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வழக்காட வேண்டும். ஐந்து நிமிடம் பேசலாம், அல்லது அந்த அளவுக்கு எழுதி அனுப்பலாம். பிறகு வாக்கெடுப்பு. வென்ற புத்தகத்தை எல்லாரும் படித்து, அடுத்த கூட்டத்தில் பேசுவோம். வட்டத்தை எழுப்ப இதுவே வழி என்று உறுதியாக நம்பினேன். மோதல் இல்லாமல் எனக்கு எதுவும் உயிரோடு இருப்பதாகத் தோன்றியதே இல்லை.

முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஒரு புத்தகத்துக்கு நான் வழக்காடினேன். மற்றொன்றுக்கு வழக்காட யாரும் இல்லை. "நீ சொன்னா சரிதாம்மா" என்றார்கள். எதிரணி இல்லாத மேடையில் நின்றிருக்கிறீர்களா? காற்றில் குத்துவிடுவது போல இருக்கும். அன்று நான் வென்றேன். வாழ்க்கையில் அத்தனை கேவலமான வெற்றியை நான் அடைந்ததில்லை.

ஆகவே எனக்கோர் எதிரணியை நானே செய்துகொண்டேன்.

தம்பியின் பழைய கைப்பேசி வீட்டில் கிடந்தது. புதிய எண் ஒன்று வாங்கினேன். சிவகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் எங்கள் வட்டத்தில் சிவகிரிக்காரர் எவரும் இல்லை என்பதே. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற வேலாயுதம். வயது எழுபத்திரண்டு. எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். தொண்டையில் அறுவை செய்ததால் பேச இயலாது. எழுத மட்டுமே செய்வார். முகப்புப் படமாக ஓர் எலுமிச்சை மரம். குரல் இல்லாத மனிதரைப் படைப்பதில் எனக்கு வசதி இருந்தது என்பதை நீங்கள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

அவர் முரடர். எந்தப் புதுமையையும் ஏற்காதவர். ஆனால் அவர் எழுத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. நான் முன்மொழிந்த புத்தகத்தை அவர் கிழித்து எறிந்தார். நான் சீறினேன். அவர் திருப்பி அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் விழித்துக்கொண்டார்கள்! மூன்றே மாதங்களில் கூட்டத்துக்கு முப்பது பேர் வரத் தொடங்கினார்கள். "சிவகிரி அண்ணாச்சி இன்னைக்கு என்ன குண்டு போடுதாரு?" என்று காலையிலேயே கேட்பார்கள். "இந்தக் கெழவனுக்கு ஒரு கும்பிடு. ஆனா நம்ம இசக்கிய அழ வைக்காம விடமாட்டாரு போல" என்று ஜமீலா அக்கா சிரித்தார்.

நானும் சிரித்தேன். தோற்பதும் நான், வெல்வதும் நான். இதைவிட இனிய மேடை எனக்கு வாய்த்ததில்லை.

கோமதிநாயகம் ஐயா வட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்தவர். ஓய்வு பெற்ற காவல் உதவி ஆய்வாளர். மனைவி இறந்தபின் தென்காசியில் தனியே வசிப்பவர். கூட்டங்களுக்கு வருவார், படத்தை அணைத்து வைத்திருப்பார், ஒரு சொல் பேசமாட்டார். வேலாயுதம் வந்த இரண்டாம் மாதம் அவர் முதன்முதலாக எழுதினார்: "சிவகிரி அண்ணாச்சி சொல்லுததுதான் சரி." அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! பேசாதவரைப் பேச வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

ஆனி மாதத் தேர்வுக்கு இரண்டு நாவல்கள் வந்தன. ஜமீலா அக்கா சொன்ன நாவலில், வீட்டைவிட்டுப் போன மகளைத் தேடிப் போகிறார் ஒரு தகப்பன். அதற்கு எதிராக நான் தேடிக் கண்டுபிடித்த நாவலிலும் அதே பிணக்குதான். அதில் தகப்பன் கடைசிவரை போகவில்லை. முதலாவதற்கு என் பெயரில் வழக்காடினேன். இரண்டாவதற்கு வேலாயுதத்தின் பெயரில் எழுதினேன்.

என் வாதத்தில் அன்பும் மன்னிப்பும் நிறைய இருந்தன. எல்லாரும் அறிந்த வழக்கமான உவமைகள். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். வேலாயுதத்தின் வாதத்துக்கு மூன்று நாள் உழைத்தேன். பலவீனமான கட்சிக்குத்தானே கைத்திறன் அதிகம் வேண்டும்? அவர் எழுதினார்:

"மன்னிப்பது எளிது. சொன்ன சொல்லில் நிற்பதே கடினம். வாசலில் வந்து நிற்கும் கண்ணீருக்கெல்லாம் கதவைத் திறக்கிற வீட்டில், நாளை எந்தச் சொல்லுக்கும் பூட்டு இருக்காது. சொல் தவறிய தகப்பனின் மடியில் எந்தப் பேரப்பிள்ளையும் மதிப்போடு உட்காராது."

வாக்கெடுப்பில் வேலாயுதம் வென்றார். பெரிய வித்தியாசத்தில்!

மூன்று வாரம் கழித்து ஒரு நண்பகல். கல்லூரி உணவுக்கூடத்தில் இருந்தேன். பையில் கிடந்த பழைய கைப்பேசி அதிர்ந்தது. வேலாயுதத்துக்குத் தனியே ஒரு செய்தி. அனுப்பியவர் கோமதிநாயகம்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு ஒரே மக, உமா. மூணு வருசம் முந்தி நான் வேண்டாம்னு சொன்ன பையனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. பையன் நல்லவன்தான். சாதி வேற. கோயில்ல வச்சு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன், இனி அவ மொகத்துல முழிக்க மாட்டேன்னு. இப்ப ஒரு ஆம்பளப் பிள்ள பெத்திருக்கா. புருசனோட குவைத்துக்குப் போறாளாம். போறதுக்கு முந்தி ஞாயித்துக்கெழம குத்தாலத்துக்கு வாராளாம், பேரனக் காட்டுததுக்கு. ஒரு தடவ வந்துட்டுப் போங்கப்பான்னு சொல்லி விட்டிருக்கா. நீங்க எழுதினத நாலு தடவ படிச்சேன். போவலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க, கேக்கேன்."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

'போங்கள்' என்று எழுத ஒரு சொல் போதும். ஏன் எழுதவில்லை? அன்றுமுதல் இந்தக் கேள்வியை எனக்குள் எத்தனை முறை கேட்டிருப்பேன்... விடை அசிங்கமானது. ஞாயிறு மாலை அந்த நாவலைப் பற்றிய கூட்டம் இருந்தது. வேலாயுதம் இளகிவிட்டார் என்று இவர் கூட்டத்தில் சொல்லிவிட்டால்? பாத்திரம் சிதைந்துவிடும். மூன்று நாள் உழைத்துக் கட்டிய வாதம் சரிந்துவிடும். ஒரு மனிதரின் வாழ்க்கை என் முன்னால் கிடந்தது. நான் அதைப் பட்டிமன்றத் தலைப்பாகப் படித்தேன். சீட்டுக் குலுக்கி எனக்கு வந்த அணி எது என்று பார்த்தேன்!

"வேண்டாம்" என்று எழுதினேன். "சூடத்தின் முன் சொன்ன சொல்லைக் குற்றாலச் சாரலில் நனைய விடாதீர்கள்."

அந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்குள் ஒரு புன்னகை எழுந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"நன்றி அண்ணாச்சி. இனிமே கொழப்பம் இல்ல" என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு என் சொந்த எண்ணுக்கு ஒரு பெண் அழைத்தார். உறவினர் ஒருவர் அவருக்கு அனுப்பிய வட்டத்தின் அறிவிப்பில் என் எண் இருந்தது. "நான் கோமதிநாயகம் சார் மக. ஒரு பத்து நிமிசம் குத்தாலம் வர முடியுமா?"

பேருந்தில் போய் இறங்கியபோது சாரல் கனத்திருந்தது. மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. அருவியில் வரத்து கூடிவிட்டதென்று காவலர்கள் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஈர வேட்டிகளும் எண்ணெய் வாசனையுமாகக் கூட்டம் கடைத்தெருவில் பிதுங்கியது. தண்ணீரின் இரைச்சல் காலடியில் நடுங்கியது. ஒரு பழக்கடையின் ஓரத்தில், கம்பளிக் குல்லாய் போட்ட குழந்தையை மார்பில் சாத்தியபடி உமா நின்றார். சற்றுத் தள்ளி, குடையோடு அவருடைய கணவர். ஒவ்வொரு விசிலுக்கும் உமா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் இசக்கியா? போட்டோவுல பெரிய ஆளாத் தெரிஞ்சீய." சிரிக்க முயன்றார். "எட்டு மணிக்கே வந்துட்டோம். அப்பா பாக்கணுமேன்னு இவனுக்கு மூணு சட்ட மாத்தியாச்சு."

கைப்பேசியை நீட்டினார். தகப்பனின் செய்தி இருந்தது: "வரல. சிவகிரி அண்ணாச்சி வேண்டாம்னுட்டாரு."

"யாரு இந்த அண்ணாச்சி? எங்க அப்பா, பெரிய அதிகாரி சொன்னாலே ஏன் எதுக்குன்னு கேக்குத ஆளு. அவரு ஒருத்தரு பேச்சக் கேட்டுக்கிட்டு வீட்டுல ஒக்காந்திருக்காருன்னா... சாமியாரா அவரு?"

"இல்லக்கா. வாசகர்."

"வாசகரா?" உமா என்னை உற்றுப் பார்த்தார். "புஸ்தகம் படிச்சா மனசு எளகும்னுல்லா சொல்லுவாவ?"

என்னை வாயடைக்க வைத்த எதிராளி மாவட்டத்திலேயே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தவள்!

"அவரு நம்பர் குடுங்க. கால்ல விழுந்தாவது கேக்கேன்."

"அவருக்குப் பேச முடியாதுக்கா. தொண்டையில ஆப்பரேசன்." பொய் எத்தனை தடையின்றி வந்தது!

"அப்ப நீங்களாவது அவருகிட்ட சொல்லுங்க. நீங்க பெரிய பேச்சாளராம்லா? இந்தப் பொதன் இல்ல, அடுத்த பொதன் பிளைட்டு. அதுக்குள்ள ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. நாங்க வீட்டுக்குள்ளகூட வரல. தெருவுல நின்னு காட்டிட்டுப் போயிருதோம்."

குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. விரல்களைப் பிரித்துவிட உமாதான் உதவினார். இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஐயா வீட்டுக்குப் போக ஆட்டோவில் கால் மணி நேரம் ஆகும். மூவரையும் அழைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று, 'வேலாயுதம் நான்தான்' என்று சொல்லிவிடலாம்...

"பேசிப் பாக்கேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அன்று மாலைக் கூட்டம் வழக்கம்போல நடந்தது. மறுநாள் வேலாயுதமாக எழுதினேன்: "கோமதிநாயகம், நான் சொன்னது தவறு. போய்ப் பாருங்கள். பேரனைத் தூக்குங்கள்."

அவரிடமிருந்து பதில் வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"இது அண்ணாச்சி எழுத்தா? நீங்க எழுதினா நெல்லு மூட்ட மாதிரி நெறஞ்சுல்லா இருக்கும். இது என்ன, தந்தி மாதிரி மூணு வரி? உமா ஒங்களத் தேடி வந்து அழுதாளா? இல்ல வேற யாரும் மெரட்டினாவளா? முப்பத்தாறு வருசம் ஸ்டேசன்ல வாக்குமூலம் எழுதி வாங்கினவன் நான். எது தானாச் சொன்னது, எது சொல்ல வச்சதுன்னு பாத்ததும் தெரியும்."

பொய்க்கு நான் மூன்று நாள் அலங்காரம் செய்திருந்தேன். மெய்யை வெறுங்கையோடு அனுப்பிவைத்தேன். வந்த வேகத்தில் அவர் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

தொடர்ந்து இன்னொரு செய்தி: "வெள்ளிக்கெழம நேர்ல சிவகிரிக்கு வாரேன். எலுமிச்சந் தோட்டம்னு கேட்டா யாரும் சொல்லுவாவ. என் கண்ணு முன்னால ஒரு தாள்ல 'போ'ன்னு எழுதிக் காட்டுங்க. அங்கன இருந்தே நேரா மக வீட்டுக்குப் போறேன்."

நேரே மகள் வீட்டுக்கு! அவர் போகத் தயாராக இருந்தார். அனுமதி ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதைத் தரக்கூடிய கை உலகத்தில் இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் பதில் போடவில்லை. வியாழனன்று வேலாயுதத்தின் எண்ணிலிருந்து குழுவில் ஒரு செய்தி வந்தது. அவருடைய மருமகன் எழுதியதாக. மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது, மதுரைக்குக் கொண்டுபோனோம், பிழைக்கவில்லை, அங்கேயே தகனம் முடிந்துவிட்டது, தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு நாங்களும் ஊருக்குக் கிளம்புகிறோம்...

ஆம். கொன்றுவிட்டேன். கட்டளையிட்டவர் போய்விட்டால் கட்டளையும் போய்விடும் என்று கணக்கிட்டேன். அவர் கடைசியாக எழுதியது 'போய்ப் பாருங்கள்' என்பதுதானே? இறந்தவரின் கடைசி வார்த்தைக்கு ஒரு கனம் உண்டு அல்லவா? அதை ஐயா மதிப்பார் என்று நம்பினேன். அப்படி நம்பியதாக இப்போது சொல்கிறேன். அகப்பட்டுவிடுவேன் என்ற நடுக்கம்தான் முதலில் வந்தது. கணக்கு பிறகு வந்தது.

குழு அழுதது. உண்மையாகவே அழுதது! "ஒரு தடவகூட மொகத்தப் பாக்கலையே ஏட்டி" என்று ஜமீலா அக்கா தொலைபேசியில் விம்மினார். "சனிக்கெழம சாயங்காலம் இரங்கல் கூட்டம் போட்டுருவோம். நீதான் பேசணும். ஒங்கிட்ட சண்ட போட்டே வட்டத்த வளத்த மனுசன்."

ஒப்புக்கொண்டேன். எனக்கொரு திட்டம் இருந்தது. பன்னிரண்டு நிமிட உரை எழுதினேன். ஒன்பதாம் நிமிடத்தில் வர வேண்டிய வரிகளைச் சிவப்பு மையில் எழுதினேன்: 'இறப்பதற்கு முன் வேலாயுதம் ஐயா எனக்குத் தனியே ஒரு கடிதம் எழுதினார். தான் அந்த நாவலுக்காக வழக்காடியது பிழை என்றார். பிள்ளைகள் வந்து நின்றால் ஓடிப் போய்ப் பாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார்.' இந்த மூன்று வரிகளைச் சொல்வதற்காகவே அந்த உரை. சொல்லியிருந்தால் அந்தப் பொய்யாவது ஒருவருக்கு உதவியிருக்கும்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. புதிதாகச் சேர்ந்தவர்களோடு ஐம்பத்திரண்டு பேர். வட்டத்தின் வரலாற்றில் அத்தனை பேர் கூடியதில்லை. எலுமிச்சை மரத்தின் படத்துக்கு யாரோ மாலை வரைந்து அனுப்பியிருந்தார்கள். கோமதிநாயகம் ஐயா அன்றுதான் முதன்முறையாகத் தம் முகத்தைக் காட்டினார். வெள்ளைச் சட்டை. நெற்றி நிறையத் திருநீறு. கண் சிமிட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசத் தொடங்கினேன். இரண்டாம் நிமிடத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சொல் என் பின்னால் ஓடிவந்து கொண்டிருந்தது. "கொண்ட கொள்கையில் மலையாக நின்றவர்!" என்றேன். "காற்று எந்தப் பக்கம் வீசினாலும் சாயாத கொடிமரம்!" என்றேன். "சொன்ன சொல்லை உயிரினும் மேலாகக் காத்த கடைசி மனிதரை இழந்து நிற்கிறோம்!" என்றேன். பேச்சு ஏறிக்கொண்டே போனது... ஏறிக்கொண்டே...

ஒன்பதாம் நிமிடம் வந்தது. சிவப்பு வரிகள் என் கையில் இருந்தன.

அவற்றைச் சொன்னால் மலை சரியும். கொடிமரம் சாயும். அத்தனை நேரம் கட்டிய கோபுரத்தின் உச்சியில், 'அவர் மனம் மாறினார்' என்ற சப்பென்ற வாக்கியத்தை எப்படி வைப்பது? உரையின் கட்டு உடைந்துவிடுமே!

தாளைத் திருப்பிவிட்டேன். அடுத்த வரிக்குப் போனேன்.

அச்சத்தினால் தவிர்த்தேன் என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அச்சம் அன்று இல்லவே இல்லை. அழகு! அழகுக்காகத்தான் தவிர்த்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரை அது. இன்றும் எவராவது அதைப் புகழ்ந்தால் என் உடம்பு சிலிர்க்கிறது... பிறகுதான் வெட்கம் வருகிறது.

நான் முடித்ததும் கோமதிநாயகம் ஐயா கையை உயர்த்தினார்.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றார். "அண்ணாச்சி கடேசியா எனக்கு ஒண்ணு எழுதினாரு. மக வந்தா போய்ப் பாருன்னு. அஞ்சு நாளா அதயே நெனச்சுக் கெடந்தேன். அது அவரு வார்த்ததானா, அப்படின்னா போவமான்னு. நேத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். இன்னைக்கு இந்தப் பிள்ள பேசினதக் கேட்ட பொறவுதான் தெளிஞ்சுது. காத்துக்குச் சாயாத மனுசன்னு சொல்லுதால்லா, அதான் நெசம். நெஞ்சு வலியில மனசு தளந்து ஏதோ எழுதிட்டாரு. மொதல்ல சொன்னதுதான் அவரு வார்த்த. நான் அதக் காப்பாத்துவேன். அண்ணாச்சிக்கு என்னால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான்."

ஐம்பத்திரண்டு முகங்களும் கவிழ்ந்தன. என் முகமும் கவிழ்ந்தது. எல்லாரும் அதை மரியாதை என்று எண்ணியிருப்பார்கள்.

இன்னும் நான்கு நாள் இருந்தன, புதன் வர. உயிரோடு இருப்பவரின் சொல்லை எதிர்த்து வழக்காடலாம். இறந்தவரின் சொல்லை யார் எதிர்ப்பது? அதற்கும் வழி இருந்தது. அவர் இறக்கவில்லை, இருக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். நான்கு நாள்! ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம்! நான் சொல்லவில்லை.

புதனன்று திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து உமா எழுதினார்: "உள்ள போறோம். அந்தப் பெரியவரு தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன். நீங்க அவருகிட்ட பேசிருப்பீய, தெரியும். நன்றி." அந்த நன்றியை நான் இன்னும் அழிக்கவில்லை. பதிலும் போடவில்லை.

நீங்கள் கேட்கலாம்: இப்போதாவது சொல்லலாமே? போனேன். சென்ற கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். 'ஐயா, வேலாயுதம் என்று ஒருவர் இல்லை.' அவ்வளவுதான். அலங்காரம் கிடையாது.

"வா தாயி, வா," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மெலிந்திருந்தார். தேநீர் போட்டுவர உள்ளே போனவர், கையில் ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்தோடு திரும்பினார். வேலாயுதம் எழுதியவை அனைத்தையும் முதல் நாளிலிருந்து தம் கைப்பட அதில் எழுதி வைத்திருந்தார். காவல் நிலையத்துக் கையெழுத்து; அடித்தல் திருத்தல் இல்லை. கடைசிப் பக்கங்களில் என் இரங்கல் உரை.

"போன் தொலைஞ்சு போச்சுன்னா? அதான் எழுதிட்டேன்," என்றார். "அண்ணாச்சி எடம் காலியா இருக்கக்கூடாது தாயி. இனிமே மாசா மாசம் அவரு பக்கத்துக்கு நீ பேசு. அவரு மனசு ஒனக்குத்தான் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன்.

மேசை மீதிருந்த அவருடைய கைப்பேசி ஒலித்தது. திரையில் உமாவின் முகம். மடியில் நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொண்ட ஒரு குழந்தை. காணொளி அழைப்பு.

"வெள்ளிக்கெழமன்னா வரும்," என்றார் அமைதியாக. "அங்கன லீவு."

கைப்பேசியைக் குப்புறத் திருப்பி வைத்தார். ஒலியை அணைக்கவில்லை. அந்த எண்ணைத் தடுத்து வைக்கவும் இல்லை. அது தானே ஓயும்வரை, ஒரு விரலை அதன் முதுகில் வைத்துக்கொண்டு, அதிர்வு நிற்பதைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். என் வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. ஐந்தே சொல்!

ஒலி நின்றது.

"சொல்லு தாயி," என்றார். "அடுத்த மாசத்துக்கு என்ன புஸ்தகம்?"

சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார்.